நூற்றொரு பீரங்கி

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
14.02.1997

வருங்காலக் கல்விப் பணிப்பாளரும், தற்காலம் கொழும்பில் பட்டப்பின் கல்வி டிப்ளோமா முடிக்கும் தறுவாயில் இருப்பவருமான என் மருமகள் குணேஸ்வரியின் சமுகத்துக்கு,

ஓய்வுபெற்ற துறைமுக இலிகிதரும், உன் அம்மா நல்லம்மாவின் ஒரே தம்பியும், இந்த நகரத்தில் மிச்சமிருக்கும் ஒரே அறிவாளியுமான சோமசேகர மாமா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் சுகம். உன் சுகத்தைக் கொஞ்சம் விரிவாக எழுது. நீ ஒரு வரியில் முடித்தால் அம்மா என்னைத்தான் சந்தேகப்படுகிறா, மிச்சத்தை நான் விழுங்கிவிட்டேனாம்.

உன் கடிதம் வந்தது. ஹபரணையிலும் கந்தளாயிலும் எல்லாத் தடைமுகாமிலும் இறங்கி ஏறி, பை திறந்து காட்டி, அடையாள அட்டை நீட்டி வந்திருக்க வேணும். உறை களைத்துப் போயிருந்தது.

கல்வி முதுமாணிக்கு மூன்று பிரிவு இருக்கிறது, எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறாய். இதற்கெல்லாம் யோசனை எதற்கு? விசேட கல்வி நல்லதுதான், ஆனால் அதைப் படித்தவர்களுக்கு நம் மாகாணத்தில் ஒரு கதிரைகூட ஒதுக்கவில்லை. கல்வி உளவியல் என்றால் என்னவென்று வாசிகசாலையில் ஒருவருக்கும் தெரியாது. தலைவர் கனகரத்தினம் மாஸ்டர் அது பைத்தியத்துக்கு மருந்து என்கிறார். ஆகவே கல்வி நிர்வாகம். நிர்வாகம் படித்தால் பணிப்பாளர். பணிப்பாளர் என்றால் ஜீப். ஜீப் என்றால் முன் ஆசனத்தில் நான். உட்துறைமுக வீதியில் நாங்கள் போகும்போது கோட்டைக்குள் மேயும் மான்கள் எல்லாம் வெளியே வந்து வரிசையாக நின்று தலை வணங்கும்.

பகிடி ஒருபக்கம். வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போனனான். உன் கற்கை லீவை ஒரேயொரு தரம்தான் நீடிக்கலாமாம். இந்த வருடம் நேர்முகத்தில் தெரிவானால் சரி. இல்லாவிட்டால் பள்ளிக்குத் திரும்பி, ஐந்து வருடம் படிப்பித்த பிறகுதான் மறுபடி கேட்கலாமாம். அந்த இலிகிதர் இதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. ஆகவே உண்மையாகத்தான் இருக்கும்.

கப்பல்படை இல்லாத கடற்படைத் தளபதி,
மாமா


வெள்ளவத்தை,
கொழும்பு.
06.03.1997

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நல்ல சுகம். வீட்டுக்காரம்மா கமலாதேவி சோறு கொஞ்சமாகத்தான் போடுகிறா, ஆனால் மீன்குழம்பு எங்கள் வீட்டுக் குழம்பு மாதிரியே இருக்கிறது. இதை அம்மாவுக்கு முழுதாக வாசித்துக் காட்டுங்கள். உங்கள் இருமல் விட்டதா?

ஜீப்பை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் மாமா. நான் கல்வி உளவியலுக்குத்தான் விண்ணப்பித்திருக்கிறேன். காரணம் உங்களுக்குத் தெரியாததில்லை. என் வகுப்பில் ரபீக்கா என்று ஒரு பிள்ளை இருந்தாளே, தோப்பூரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவள். இரண்டு தவணை அவள் வாய் திறக்கவில்லை. நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். கெஞ்சினேன், ஒரு நாள் ஏசியும் போட்டேன். எனக்கு இலக்கணம் படிப்பிக்கத் தெரியும். ஏன் ஒரு பிள்ளை கதைக்காமல் போகிறது என்று தெரியாது. அதைப் படிக்க வேண்டும். நம் பக்கத்தில் அதைப் படித்தவர் ஒருவரும் இல்லை.

நேர்முகம் ஏப்ரல் ஒன்பதாம் திகதி, புதன்கிழமை, காலை பத்து மணி. இடங்கள் கொஞ்சம்தான். தயவுசெய்து தெரிவாக முதல் ஊரில் ஒருவருக்கும் சொல்லவேண்டாம். உங்களைத் தெரிந்துதான் சொல்கிறேன்.

உங்கள் மருமகள்,
குணேஸ்வரி


திருகோணமலை.
01.04.1997

உளவியல் பேரரசி குணேஸ்வரிக்கு,

சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை. இருமல் என்னைவிட்டுப் போய்க் கனகரத்தினம் மாஸ்டரைப் பிடித்திருக்கிறது. நீ சுகமாய், தெம்பாய், நேர்முகத்துக்கு முதல்நாள் நேரத்தோடு படுத்து எழும்ப வேணும் என்பது அம்மாவின் கட்டளை.

ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்றாய். சொல்லவில்லை. வாசிகசாலையில் மட்டும் சொன்னேன். சந்தையில் கேட்டவர்களுக்கு இல்லையென்று சொல்ல ஏலுமா? தெரிவாகப் போகிறாய் என்று சொல்வதற்குப் பதிலாக, வாய் கொஞ்சம் வழுக்கி, தெரிவாகிவிட்டாய் என்று வந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் ஒரு புதன்கிழமைதானே இருக்கிறது! மாலைக்குச் சொல்லியாயிற்று.

ஒன்பதாம் திகதி பத்து மணிக்கு இங்கே நடக்கப்போவதைக் கேள். நீ நேர்முக அறைக்குள் வலது காலை வைக்கும் அந்தக் கணம், பிரெடரிக் கோட்டையிலிருந்து நூற்றொரு பீரங்கி முழங்கும். துறைமுகத்தில் நிற்கும் பீரங்கிப் படகெல்லாம் என் சைகைக்காகக் காத்திருக்கும். சீனன்குடா எண்ணெய்த் தாங்கி அத்தனையையும் பாயாசத்தால் நிரப்பி, கீழே நெருப்பு மூட்டுவேன். அந்த வெளிச்சம் கொழும்புக்குத் தெரியும். உனக்கு இடம் தரமாட்டோம் என்று அவர்கள் சொன்னால், கிண்ணியாவிலிருந்து என் கூட்டாளி அபூதாஹிர் தன் வள்ளத்தோடு தயாராக நிற்கிறார். மூதூர்ப் படை, கிண்ணியாப் படை, என் தலைமையில் கடல்வழியே வந்து பல்கலைக்கழக வளாகத்தின் வாசல் கதவை உடைத்து உன்னைக் கதிரையில் இருத்திவிட்டுத்தான் திரும்புவோம்.

தபாலில் போட்டால் உனக்குப் பிந்திவிடும். ஆகவே வெங்காய லொறியில் வருகிற தெரிந்த ஆள் கையில் கொடுத்துவிடுகிறேன்.

படைகளின் பேரதிபதி,
மாமா


கொழும்பு.
27.04.1997

அன்புள்ள மாமாவுக்கு,

சுகம். நீங்களும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும்.

நேர்முகம் முடிந்துவிட்டது. முடிவு வரச் சுணங்கும். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் காய்ச்சல். இப்போது இல்லை. அம்மாவிடம் பயப்பட ஒன்றும் இல்லையென்று சொல்லுங்கள்.

வெள்ளவத்தை அறையை விட்டுவிட்டேன். கன்னியாஸ்திரிகளின் விடுதியில் இருக்கிறேன். விலாசம் பின்பக்கத்தில்.

மாமா, ஒரு உதவி. இனிமேல் ஆள் கையில் கடிதம் கொடுத்துவிட வேண்டாம். தபாலட்டையில் எழுதினால் போதும். சுகச்செய்தி மட்டும் எழுதுங்கள்.

குணேஸ்வரி


திருகோணமலை.
09.05.1997

அன்புள்ள குணேஸ்வரி,

கடிதம் கிடைத்தது. அம்மா சுகம். நானும் சுகம். மழை இல்லை.

நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? விடுதியில் நல்ல மாதிரி நடத்துகிறார்களா? நித்திரை வருகிறதா? உன் அடையாள அட்டையை எந்த நேரமும் கையில் வைத்திரு. விடுதியில் உன் பெயரைப் பொலிசில் பதிந்துவிட்டார்களா என்று கேட்டுப் பார்.

ஏதும் தேவையென்றால் எழுது. ஏதும் சொல்ல இருந்தாலும் எழுது. சொல்லாமல் விட்டாலும் குறை நினைக்கமாட்டேன்.

மாமா


கொழும்பு.
11.06.1997

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கு நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் தபாலட்டையைப் பார்த்துத்தான் பயந்துபோனேன். யாரோ வேறு ஆள் உங்கள் கையெழுத்தில் எழுதியதுபோல் இருந்தது. உங்களுக்கு ஏதும் வருத்தமா? அம்மா மறைக்கச் சொன்னாவா?

நேர்முகத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லையே என்று யோசித்தேன். நானே சொல்கிறேன். மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவருக்கு முழுக்க நரை. ரபீக்காவைப் பற்றிச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். வலது பக்கம் இருந்த அம்மா, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் ஆட்கள் தேவை என்றா. கடைசியில் எனக்குத் தேத்தண்ணீரும் தந்தார்கள். நல்ல மாதிரித்தான் போனது மாமா. கிடைக்காவிட்டாலும் கவலையில்லை, நிறையப் பேர் போட்டி.

ஊரில் யாரும் கேட்டால் இன்னும் முடிவு வரவில்லையென்று சொல்லுங்கள்.

அன்புடன்,
குணேஸ்வரி


திருகோணமலை.
25.06.1997

என் பிள்ளை குணேஸ்வரிக்கு,

எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அம்மாவும் ஒன்றையும் மறைக்கவில்லை, மறைத்தது நான். இதைத் தபாலட்டையில் எழுத ஏலாது. உறையில் போட்டு உன் விடுதித் தலைவியின் பெயருக்கு அனுப்புகிறேன்.

அந்த நேர்முகத்தை நீ எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாய். நரைத்தவரை வைத்தாய், தேத்தண்ணீர்கூட ஊற்றினாய். நான் வாசித்துவிட்டுக் குசினிக்குப் பின்னால் போய் நின்றேன். நீ அந்த அறைக்குள் போகவில்லையென்று எனக்குத் தெரியும் பிள்ளை. ஏப்ரல் ஒன்பதாம் திகதி காலையே தெரியும்.

அன்று காலை இரண்டு பேர் ஜீப்பில் வந்தார்கள். அம்மா கோயிலுக்குப் போயிருந்தா. என்னை ஏற்றிக்கொண்டு போய் ஒரு மேசைக்கு முன்னால் இருத்தினார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் இளம் அதிகாரி. தமிழ் கதைப்பார். கொழும்பில் உன் அறையைச் சோதித்தபோது தலையணைக்குக் கீழே என் கடிதம் இருந்ததாம். உன்னையும் கொண்டுபோய்விட்டார்களாம். முத்திரை இல்லை, ஆள் கையில் வந்த கடிதம். அதை வரிவரியாக இங்கே அனுப்பியிருந்தார்கள். அவர் விரலை வைத்து வைத்துக் கேட்டார்.

"பீரங்கி நூற்றொண்டு. எங்க இருக்கு?"

"எங்கயும் இல்லை சேர்."

"இல்லாட்டி ஏன் எழுதினது?"

"அது ஒரு பேச்சுக்கு, சேர். ராசாமாருக்கு மரியாதைக்கு வெடிக்கிற மாதிரி."

"ஆர் ராசா?"

"ஒருத்தரும் இல்லை சேர். மருமகள்."

அவர் அதை எழுதிக்கொண்டார். பிறகு அடுத்த வரி.

"பீரங்கிப் படகு உங்கட சைகைக்கு நிக்குது எண்டு இருக்கு. என்ன சைகை?"

"ஒரு சைகையும் இல்லை சேர். நான் கை காட்டினால் பஸ்ஸும் நிக்காது."

பக்கத்தில் நின்ற ஒருவர் சிரித்தார். இவர் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

"எண்ணெய்த் தாங்கிக்குக் கீழ நெருப்பு மூட்டுறது எண்டு இருக்கு."

"பாயாசம் சேர். முதல்ல பாயாசம் நிரப்பிறது. அதை வாசியுங்கோ."

"தாங்கிக்குள்ள பாயாசம் நிரப்ப ஏலுமோ?"

"ஏலாது சேர்."

"ஏலாது எண்டு தெரிஞ்சும் எழுதினதோ?"

"ஓம் சேர்."

"ஏன்?"

"சந்தோசத்தில, சேர்" என்றேன்.

அவர் பேனையைக் கீழே வைத்தார். கோபமாகக் கேட்கவில்லை, விளங்காமல்தான் கேட்டார்: "சந்தோசம் எண்டால், சந்தோசம் எண்டு எழுதலாம்தானே?"

சுவரில் ஒரு மணிக்கூடு இருந்தது. பத்து மணி. நான் எழும்பிவிட்டேன். "சேர், இப்ப அவளுக்கு நேர்முகம். இப்ப. ஆரையாவது ரெலிபோன் எடுத்து விடச் சொல்லுங்கோ. எழுதினவன் நான், என்னை வைச்சிருங்கோ" என்று கத்தினேன். இரண்டு பேர் தோளில் அமத்தி இருத்தினார்கள்.

அபூதாஹிரையும் கூப்பிட்டார்கள். அவர் வள்ளத்தின் பத்திரம் எல்லாம் கொண்டுவந்து காட்டினார். மூதூர்ப் படை எங்கேயென்று அந்த மனிசனிடமும் கேட்டிருக்கிறார்கள். வெளியே வரும்போது "அண்ணை, இனிமேல் என்ர பேரை எழுதாதைங்கோ" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இறங்குதுறையில் கண்டாலும் அவர் கயிற்றைத்தான் பார்க்கிறார்.

பின்னேரம் என்னை விட்டார்கள். உன்னையும் விடுவார்கள் என்றார்கள். விட்டார்களா, எப்போது விட்டார்கள் என்று தெரியாமல் உன் கடிதம் வரும்வரைக்கும் நான் இருந்தது எனக்குத்தான் தெரியும். வந்த பிறகும் கேட்க வாய் வரவில்லை. நீ மறைப்பதை நான் தொட்டால் உனக்கு வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன். அதுவும் பொய். எனக்குத்தான் வெட்கம்.

ஊர் இன்னும் நீ தெரிவாகிவிட்டாய் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. அதுவும் என் வேலை.

மாமா


கொழும்பு.
16.07.1997

அன்புள்ள மாமாவுக்கு,

சுகம் என்று எழுதிப் பழகிவிட்டது. சுகம்தான்.

உங்கள் கடிதத்தை மூன்று நாள் பதில் எழுதாமல் வைத்திருந்தேன். ஏப்ரல் எட்டாம் திகதி விடியச் சுற்றிவளைப்பு. எல்லா வீட்டையும் போலத்தான் எங்கள் வீட்டையும் சோதித்தார்கள். பதிவு இருந்தது, அட்டை இருந்தது, விட்டிருப்பார்கள். உங்கள் கடிதத்தை எடுத்தார்கள். கமலாதேவி அம்மா வாசலில் நின்று "இந்தப் பிள்ளை ஒரு மாசம்தான் இஞ்ச இருக்கிறது, எங்களுக்கு ஒண்டும் தெரியாது" என்று சொன்னா. நான் அவ வீட்டில் ஒரு வருடம் இருந்தவள். பத்தாம் திகதி பின்னேரம் விட்டார்கள். யாரும் அடிக்கவில்லை. அதை நம்புங்கள்.

உங்கள் மேல் கோபம் இருந்தது மாமா. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. அந்தக் கடிதத்தை ஏன் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன் தெரியுமா? நேர்முகத்தை நினைத்துப் பயம் வந்த நேரமெல்லாம் எடுத்து வாசித்துச் சிரித்தேன். அதனால் என் மேலும் கோபம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அங்கே நடந்தது. அதை எழுத ஏலாது.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். பாதைப் பிரச்சினையால் வரமுடியாத வடகிழக்கு ஆட்களுக்கு ஆகஸ்ட் மாதம் இன்னொரு நேர்முகம் வைக்கிறார்கள். ஏப்ரலில் ஏன் வரவில்லையென்று காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். உண்மையை எழுதினால் அது என் கோப்பில் கிடக்கும். கல்வித் திணைக்களத்துக்கும் போகும். போகிற இடமெல்லாம் ஒருத்தர் அதை வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். காய்ச்சல் என்று எழுத யோசிக்கிறேன். அம்மாவுக்கும் அதைத்தானே சொன்னேன். என்னோடு டிப்ளோமா படிக்கும் றம்லா வேறொன்று சொல்கிறாள். கல்வி நிர்வாகத்தில் இடம் மிச்சம் இருக்கிறதாம், நேர்முகமே இல்லாமல் எடுப்பார்களாம், ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்களாம். நீங்கள் விரும்பியதும் அதுதானே.

குணேஸ்வரி


திருகோணமலை.
30.07.1997

அன்புள்ள குணேஸ்வரிக்கு,

அம்மாவும் நானும் சுகம். அம்மாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

முதலில் இது. நிர்வாகம் வேண்டாம். நான் ஜீப்புக்கு ஆசைப்பட்டவன்; உனக்கு அதில் ஒரு ஆசையும் இல்லை. ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்பதற்காக நீ ஒரு படிப்பை எடுத்தால், அதற்கும் காரணம் என் கடிதம்தான் என்று ஆகும். காய்ச்சலா உண்மையா என்று நான் சொல்லமாட்டேன். சொல்லும் தகுதி எனக்கு இல்லை. உண்மையை எழுதினால் என் முழுப்பெயரையும் விலாசத்தையும் எழுது. எழுதினவன் நான்தான் என்று கையெழுத்து வைத்து ஒரு தாள் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அதில் ஆறு வரி. ஒரு வரியும் கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலைக் கூட்டம். எழும்பி நின்று சொன்னேன்: "என்ர மருமகள் தெரிவாகேல்லை. நேர்முகத்துக்கே போகேல்லை. நான் உங்களுக்குச் சொன்னது பொய். அவள் போகாததுக்கும் காரணம் நான் எழுதின ஒரு கடிதம். அதுக்காகப் பொலிசில என்னை விசாரிச்சவங்கள்." உன்னைக் கொண்டுபோனதை மட்டும் சொல்லவில்லை.

பிறகு கனகரத்தினம் மாஸ்டர் தொடையில் தட்டிச் சிரிக்கத் தொடங்கினார்.

"சோமசேகரத்தார், என்ன எழுதினியள்? துறைமுகத்தை விலைக்குக் கேட்டு எழுதினியளோ?"

"மாஸ்டர், நான் உண்மை சொல்லுறன்."

"ஓமோம். பொலிஸ்காரர் உங்கட கடிதத்தை வாசிச்சிட்டுப் பதவியை விட்டிட்டு ஓடியிருப்பாங்கள்!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன். ஒருவர் கை தட்டினார். "பிள்ளை பெரிய படிப்புப் படிக்கிறது, ஆக்கள் கண்ணூறு படுத்துவினம் எண்டு மறைக்கிறார்" என்று இன்னொருவர் சொன்னார். எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. கூட்டக் குறிப்பில் உனக்குப் பாராட்டு என்று எழுதி முடித்தார்கள். இத்தனை வருடம் நான் அளந்த கதை எல்லாவற்றையும் நம்பின சனம், பிள்ளை.

வீட்டுக்கு வந்தால் அம்மா அடுப்படியில் நிற்கிறா. நான் வருவதற்கு முதலே கதை வந்துவிட்டது. "கனகரத்தினத்தாற்ற மனிசி சொல்லிச் சிரிக்கிறா" என்றா. அம்மா சிரிக்கவில்லை. தேங்காயைத் துருவிக்கொண்டே கேட்டா.

"உன்னைக் கொண்டு போனது உண்மைதானே?"

"ஓம் அக்கா."

"அவளையும் கொண்டு போனவங்களோ?"

நான் குனிந்து அடுப்புக்குள் விறகைத் தள்ளினேன். அம்மா துருவுவதை நிறுத்தவில்லை. தேங்காய் முடிந்து சிரட்டை துருவுப்படும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டா: "அங்க அவளுக்குச் சாப்பாடு குடுத்தவங்களோ?"

எனக்குத் தெரியாது என்றேன். அப்போதிருந்து என்னோடு கதைக்கவில்லை. நேரத்துக்குச் சோறு போடுகிறா. இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் எழுது பிள்ளை. வேறு எதையும் நான் கேட்கமாட்டேன்.

மாமா


கொழும்பு.
29.08.1997

அன்புள்ள மாமாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் சுகமாக இருக்கிறேன். இந்தக் கடிதத்தை மாமா அம்மாவுக்கு ஒரு சொல்லும் விடாமல் வாசிக்க வேண்டும்.

எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. கல்வி உளவியல். ஒக்டோபரில் தொடங்குகிறது. லீவு நீடிக்கும் கடிதத்தை வலயத்துக்கு அவர்களே அனுப்புவார்கள்.

காரணம் என்ற இடத்தில் உண்மையை எழுதினேன். மாமாவின் தாளையும் சேர்த்துக் கொடுத்தேன். நேர்முகத்தில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். தலைமை தாங்கியவர் இரண்டையும் வாசித்துவிட்டு மற்றவரிடம் நீட்டினார். அவரும் வாசித்தார். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு தலைவர் மெதுவாகச் சொன்னார்: "பிள்ளை, இது கோப்பில இருந்தால் எப்பவும் இருக்கும். நான் சுகவீனம் எண்டு போடுறன். சம்மதமோ?" எனக்கு நல்லது செய்யத்தான் கேட்டார். நான் ஓம் என்றேன். தாளைத் திருப்பித் தந்தார். அது என்னிடம் இருக்கிறது. ஆக, ஊரில் நான் ஏற்கெனவே தெரிவானவள். கோப்பில் காய்ச்சல்காரி. மாமா எழும்பி நின்று சொன்னதையும் ஒருவரும் எடுக்கவில்லை, நான் எழுதிக் கொடுத்ததையும் ஒருவரும் எடுக்கவில்லை.

பிறகு ஏன் இந்தத் துறையென்று கேட்டார்கள். ரபீக்காவைப் பற்றிச் சொல்ல எல்லாம் ஆயத்தமாக வைத்திருந்தேன். தொடங்கி இரண்டு வசனத்தில் நின்றுவிட்டது. கதைக்காத பிள்ளைகளைப் பற்றிக் கதைக்க அந்த நேரம் வாய் வரவில்லை. எனக்குத் தெரியாது சேர், படித்துப் பார்க்க வேண்டும் என்றேன். அவர்கள் அதை அடக்கமென்று நினைத்திருக்க வேண்டும்.

போன கடிதத்தில் எழுத ஏலாது என்றது இதுதான். என்னை வைத்திருந்த இடத்தில் என்னோடு ஒரு பிள்ளை இருந்தாள். பதினான்கு வயது இருக்கலாம். மன்னார்ப் பக்கம் என்று யாரோ சொன்னார்கள். என்ன கேட்டாலும் அவள் வாய் திறக்கவில்லை. ஆனால் என் பக்கத்தில் வந்து இருந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தது பிடித்ததுதான், நித்திரையிலும் விடவில்லை. பத்தாம் திகதி என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழும்பினேன். அவளும் எழும்பினாள். வாசலில் நின்றவர் எங்கள் கையைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒண்டோ?" என்று கேட்டார்.

"இல்லை. இவளை எனக்குத் தெரியாது" என்றேன்.

அது பொய் இல்லை. கையை இழுத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மறுபடி உள்ளே வைத்துவிடுவார்கள் என்று பயம். பிறகு இரண்டு தரம் அந்த வாசல் வரைக்கும் போனேன். என்ன பெயர் சொல்லி விசாரிப்பது?

அம்மா கேட்டதற்குப் பதில். சாப்பாடு தந்தார்கள் அம்மா. பாணும் பருப்பும். நான் சாப்பிட்டேன். அந்தப் பிள்ளை தன்னுடைய பங்கை என் பக்கம் தள்ளிவிட்டாள். எனக்குப் பசி. அதையும் சாப்பிட்டேன்.

உங்கள் மகள்,
குணேஸ்வரி